லத்தீன் பாடல் புத்தகம்: எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு லத்தீனில் பாடலாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். மூத்தவர் ஒருவர் லீபர் ஊசுவாலிஸ்தான் வேண்டும் என்கிறார், இளையவர் ஒருவர் கிராதுவாலே திரிப்லெக்ஸ் என்கிறார். யாருக்கும் லத்தீன் தெரியாது. எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் பாடப்போவது இப்போதைய திருப்பலியிலா, 1962 திருப்பலிப் புத்தகத்தின்படி நடக்கும் பழைய முறையிலா? புத்தகத்தை முடிவு செய்வது இதுதான்.

லீபர் அருமையான புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1896-ல் பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் முதன்முதலில் கொண்டுவந்தது. திருப்பலிப் பாடல்களும் மாலைப் புகழும் ஒரே கட்டில் இருக்கும். ஆனால் அதிலுள்ளது பழைய வழிபாட்டு நாள்காட்டி. ஓர் உதாரணம் சொல்கிறேன். தவக்காலம் 3-ம் ஞாயிறு, சமாரியப் பெண்ணின் நற்செய்தி வாசிக்கும் ஆண்டு. அன்று திருவிருந்துக்கு இப்போது பாட வேண்டியது ‘குயி பீபெரித்’, அதாவது நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிப்பவர் என்று இயேசு அந்தப் பெண்ணிடம் சொன்ன அதே வார்த்தை. லீபரைத் திறந்தால் அந்த ஞாயிறுக்குக் குருவிக்கு வீடு கிடைத்ததைச் சொல்லும் ‘பாஸ்ஸெர் இன்வேனித்’ நிற்கும். அதுவும் அழகான பாட்டுதான், ஆனால் அப்போதுதான் வாசித்த நற்செய்தியோடு சேராது. பாடல்களைப் புதிய நாள்காட்டிக்கு ஏற்றபடி அடுக்கி வந்தது 1974-ன் ‘கிராதுவாலே ரோமானும்’ என்ற புத்தகம். உங்களுடையது பழைய முறை என்றால் அந்த மூத்தவர் சொல்வது சரி, லீபரே வாங்குங்கள்.

திரிப்லெக்ஸ் 1979-ல் வந்தது. பெரும்பாலான வரிகளுக்கு மேலே கறுப்பிலும் கீழே சிவப்பிலும் பழைய கையெழுத்துப் பிரதிகளின் குறிகளைச் சேர்த்திருப்பார்கள். குழுவை நடத்துகிறவர் வீட்டில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம் அது. இந்தப் பாடல்களை எழுதும் சதுர வடிவச் சுரக்குறியே (சதுரச் சுரம்) புதிதாக இருக்கிறவர் கையில் கொடுத்தால் மிரண்டுபோவார்.

அப்போ எதில் தொடங்குவது? 1974-ல் திருத்தந்தை 6-ம் பவுல் ஆயர்களுக்கு அனுப்பிய ‘யூபிலாதே தேயோ’ என்ற சின்னப் புத்தகத்தில். மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்றே எளிதான கீரியே (ஆண்டவரே இரக்கமாயிரும்), சாங்க்துஸ் (தூயவர்), ஆஞ்ஞுஸ் தேயி (இறைவனின் செம்மறி) போன்றவற்றைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். இதைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனென்றால் குழு மட்டும் பாடி மற்றவர்கள் வாய்மூடி நிற்கிற லத்தீன் ஞாயிறு ரொம்ப நாள் நிலைக்காது, கீரியேயை எல்லாரும் சேர்ந்து பாடிவிட்டால் அடுத்த மாதம் அவர்களே கேட்பார்கள். அது கைவசமான பிறகு கிராதுவாலே சிம்ப்லெக்ஸ் (1967) வாங்குங்கள். சிறிய ஆலயங்களுக்கு எளிய மெட்டுகள் வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டதால் வந்தது அது. ஒரே பல்லவியை, திருப்பாடல் வரிகளோடு, தவக்காலம் போன்ற ஒரு வழிபாட்டுக் காலத்தின் பல ஞாயிறுகளுக்கு வைத்துக்கொள்ளலாம், வாராவாரம் புதிதாகக் கற்கத் தேவையில்லை. பொருளும் தெரிய வேண்டுமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்போடு 2008-ல் வந்த ‘பாரிஷ் புக் ஆஃப் சாண்ட்’ இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

உச்சரிப்புக்குப் பயப்படாதீர்கள். ஆஞ்ஞுஸ் என்பதில் வரும் ஒலி நம்முடைய ஞ-வேதான், மற்றவர்கள் திணறுகிற இடத்தில் நமக்குச் சுலபம். தடுமாற வைப்பது ‘உன்னதங்களிலே’ பாடலின் லத்தீனில் வரும் ‘எக்ஷெல்சிஸ்’. அதை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பழகிவிட்டுப் பிறகு மெட்டில் வையுங்கள்.

கேள்வி: சதுரச் சுரங்களை மேற்கத்திய இசையின் வழக்கமான ஐந்து கோட்டில் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள். ஐந்து கோட்டைப் பார்த்ததுமே கண் தாளத்தைத் தேடும், கால் தட்ட ஆரம்பிக்கும், பாட்டு நடையை இழந்துவிடும். நான்கு கோடுதான், கற்றுக்கொள்ள ஓரிரு ஒத்திகை போதும். வரியின் தொடக்கத்தில் ஆங்கில ‘C’ எழுத்து போன்ற குறி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் ‘தோ’, நம் ‘ச’ போல. அதை உங்கள் குரலுக்கு வசதியான எந்த உயரத்திலும் எடுக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரம் இருந்தால் கீழே உள்ளதை முதலில் பாட வேண்டும். அப்புறம், வரியின் கடைசியில் மெலிந்த ஒரு சின்னச் சுரம் நிற்கும். அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று காட்டத்தான் அது இருக்கிறது. முதல் ஒத்திகையில் அதையும் சேர்த்துப் பாடிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.