வில்நெவின் தாய்மார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெனி வில்நெவ் இயக்கிய டூன் இரண்டு பாகங்களையும் திரையரங்கில் பார்த்தேன். பிரமாண்டம் மட்டும்தான் மனதில் நின்றது. என் நண்பர், 'வில்நெவ் கனடாவில் எடுத்தவைதான் படங்கள், ஹாலிவுட் போய்க் கெட்டுவிட்டார்' என்கிறார். அப்படித்தானா? எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அவர் பிரெஞ்சு மொழியில் எடுத்த படங்கள்தான் எனக்கும் நெருக்கமானவை. ஆனால் கெட்டுவிட்டார் என்பதை ஏற்கமாட்டேன்.

2000இல் வந்த மேல்ஸ்ட்ரமுக்குப் பிறகு ஒன்பது வருடம் அவரிடமிருந்து முழுநீளப் படமே வரவில்லை. 2009இல் பாலிடெக்னிக் படத்தோடு திரும்பினார். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியலில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு புகுந்தவன், வகுப்பறையிலிருந்து ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று மொத்தம் 14 பெண்கள் இறந்தார்கள். அதுதான் கதை. படம் கறுப்பு வெள்ளை, ரத்தம்கூடச் சிவப்பாக இல்லை. கொலைகாரனுக்குப் பெயர் கிடையாது. கடைசியில், உயிர்பிழைத்த மாணவி கர்ப்பமாக இருக்கிறாள். கொலைகாரனின் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள்: பையன் பிறந்தால் அன்பைக் கற்றுத்தருவேன், பெண் பிறந்தால் இந்த உலகம் உன்னுடையது என்று சொல்வேன்.

எனக்கு வில்நெவ் பிடிபட்டது அந்தக் கடிதத்தில்தான். அடுத்த வருடமே இன்சென்டீஸ், வஜ்தி முவாவத்தின் நாடகத்திலிருந்து எடுத்தது. அதிலும் ஒரு தாயின் கடிதங்கள். அவள் இறந்தபின் இரட்டைப் பிள்ளைகளின் கைக்கு இரண்டு உறைகள் வருகின்றன. ஒன்று, செத்துப்போனதாக அவர்கள் நினைத்திருந்த அப்பாவுக்கு. இன்னொன்று, இருப்பதே தெரியாத அண்ணனுக்கு. படத்தின் தொடக்கத்தில் சிறுவர்களுக்கு மொட்டையடிப்பார்கள். ஒருவனின் குதிகாலில் மூன்று புள்ளிகள் பச்சை குத்தியிருக்கும். முடி கொட்டிக்கொண்டிருக்க, அவன் கண்ணெடுக்காமல் நம்மையே பார்ப்பான். படம் முடிந்ததும் அந்தக் காட்சியை மறுபடி போட்டேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் ஹாலிவுட். 2016இல் வந்த அரைவல் படத்தில் வேற்றுக்கிரகக் கலங்கள் வானில் தொங்குகின்றன. ஆனால் கதையைச் சொல்வது, மகளிடம் பேசும் ஒரு தாயின் குரல்.

டூன் முதல் பாகத்தை இன்னொரு முறை பாருங்கள். நாயகன் பாலின் கை, அவனைச் சோதிக்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, வலியில் துடிக்கிறான். கதவுக்கு வெளியே அவன் தாய் ஜெசிகா நின்று, பயத்தை வெல்லும் வாசகத்தை உதடு நடுங்க முணுமுணுக்கிறாள். அவள் முகத்தைக் கவனியுங்கள்.

இன்சென்டீஸிலிருந்து தொடங்குங்கள். பாலிடெக்னிக் எண்பது நிமிடம்கூட இல்லை, ஆனாலும் அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.