வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஆம்ப்ளிபயரை நாமே பழுதுபார்க்கலாமா?

கேள்வி: உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய எங்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் பாடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. புதிய ஃபியூஸ் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் அதுவும் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கும்படி பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? உள்ளே 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரும், பக்கத்துக்கு ஒரு ஜோடியாக 5200, 1943 டிரான்சிஸ்டர்களும் இருக்கின்றன. மல்டிமீட்டர் பார்க்கவும் ஈயம் வைக்கவும் எனக்குத் தெரியும்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போடக் கூடாது. உங்கள் டிரான்ஸ்பார்மர் 240 வோல்ட்-ஆம்பியர் அளவுள்ளது. 230 வோல்ட் பக்கத்தில் அது முழுச் சுமையில் எடுப்பதே ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். ஆகவே 1.5 அல்லது 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் (சுவிட்ச் போட்ட கணத்துப் பாய்ச்சலைத் தாங்கும் வகை) அதற்குத் தாராளம். அந்த இடத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ வைத்தால், உருக வேண்டியது உருகாமல், டிரான்ஸ்பார்மரின் சுற்றோ போர்டின் செம்புத் தடமோ எரியும். முன்னூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை அப்போது டிரான்ஸ்பார்மர் செலவாக வளரும். மர அலமாரிக்குள் இருக்கும் பெட்டியென்றால் அது தீ விபத்தாகவும் ஆகலாம். போட்டவுடன் ஃபியூஸ் போகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது; அதைக் கண்டுபிடிக்கும் வரை மூன்றாவது ஃபியூஸை வீணாக்காதீர்கள்.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கி, உங்கள் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். பல வீடுகளில் பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் இடம் மாறியிருப்பதால், சுவிட்சு அணைந்திருந்தாலும் பேஸ் உள்ளே வந்து நிற்கக்கூடும். அடுத்ததாகக் கவனிக்க வேண்டியவை பெரிய கண்டென்சர்கள். 24 வோல்ட் ஏ.சி., அதை டி.சி. ஆக்கும் டயோடுத் தொகுப்பான பிரிட்ஜ் வழியாக வந்த பிறகு பக்கத்துக்கு 33 வோல்ட் வரை டி.சி. ஆகிறது. ஃபியூஸ் போன பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அந்த மின்னேற்றம் கண்டென்சரில் தங்கியிருக்கலாம். 33 வோல்ட் வறண்ட கையில் பெரிதாக உறைக்காது. ஆனால் 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் இரு முனைகளையும் ஒரு கருவி இணைத்துவிட்டால் வெளிப்படும் பொறி கண்ணுக்கு ஆபத்தானது. நான் வேலை பழகிய பட்டறையில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத்தான் கண்டென்சரைக் காலி செய்வார்கள். அப்படித் தெறித்த ஈயத் துளி ஒன்று என்னுடன் பழகிய ஒருவரின் இமையைச் சுட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். 100 ஓம்ஸ், 10 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கேயும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்டே கையை உள்ளே விடுங்கள்.

இனி, மின்சாரம் கொடுக்காமலேயே பார்க்கக்கூடிய சோதனைகள். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, முதலில் பிரிட்ஜ் ரெக்டிபையரைப் பாருங்கள். நல்ல டயோடு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டும். மறுதிசையில் எதையும் காட்டாது. இரண்டு திசையிலும் பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட். அடுத்து பவர் டிரான்சிஸ்டர்கள். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து பேஸ் (இது டிரான்சிஸ்டரின் ஒரு கால், மின்வரவு பேஸ் அல்ல), கலெக்டர், எமிட்டர் என்ற வரிசையில் அவை அமைந்திருக்கும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் பூச்சியம் காட்டும் டிரான்சிஸ்டரே பெரும்பாலும் குற்றவாளி. போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் அளவு வரும் என்பதால், சந்தேகப்பட்டதைக் கழற்றித் தனியாக வைத்து மறுபடி அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இடமும் வலமும் ஒரே சப்ளையில் இருப்பதால், பழுது எந்தப் பக்கத்தில் என்பதை அறிய ஒரு பக்கத்து போர்டுக்குப் போகும் சப்ளை ஒயர்களை எடுத்துவிட்டுப் பார்ப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். செத்த டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுகிறார்கள். புதியதும் ஒரு நொடியில் செத்துப்போகிறது. பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது தனக்கு முன்னால் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும், எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம்ஸ், 5 வாட்ஸ் வெள்ளை ரெசிஸ்டரையும், பேஸுக்குப் போகும் சிறிய ரெசிஸ்டரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போவது வழக்கம். சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அளவாக வைக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரோ, அதன் பிரிசெட்டோ (திருகி அளவை மாற்றும் சிறிய ரெசிஸ்டர்) ஓப்பனாகிவிட்டிருந்தால், இரண்டு பவர் டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்து, எத்தனை ஜோடி போட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும், நன்றாக இருக்கும் மறு பக்கத்தின் அதே பாகத்தோடு ஒப்பிட்டு அளந்து வாருங்கள். ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது. சர்க்யூட் படம் இல்லாத குறையை ஓடுகிற பக்கம் தீர்த்துவைக்கும்.

5200, 1943 எண்களில் போலிகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், மெக்கானிக்குகள் தங்கள் சொந்த வேலைக்கு வாங்கும் கடையை விசாரித்து வாங்குங்கள். ஹீட்சிங்க்கில் (சூட்டை வாங்கும் உலோகத் தகடு) பொருத்தும்போது மைக்கா தகடும் ஹீட்சிங்க் பேஸ்ட்டும் அவசியம். இந்த டிரான்சிஸ்டர்களின் பின்பக்க உலோகம் கலெக்டரோடு இணைந்தது; மைக்காவில் ஒரு கீறலோ கீழே ஓர் உலோகத் துணுக்கோ இருந்தால் சப்ளை அப்படியே ஹீட்சிங்க்குக்குப் போய்விடும். திருகிய பின் கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

மின்சாரம் கொடுக்கும் நேரம் வந்ததும் நேராகக் கொடுக்காமல் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, ஆம்ப்ளிபயருக்குப் போகும் பேஸ் ஒயரின் நடுவில் சேர்ப்பதுதான் சீரிஸ் பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள பழைய வகைதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே நிற்கும். உங்கள் புதிய டிரான்சிஸ்டர் தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் கண்டென்சர் நிரம்பும் நேரத்துக்கு ஒரு கணம் பளிச்சிட்டு, பிறகு மங்கிவிடும். ஆனால் இது ஆம்ப்ளிபயரின் பாதுகாப்புக்கு மட்டுமே; பல்பு இருக்கிறது என்பதற்காக டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் முனைகளைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று பொருளல்ல. அந்த முனைகளையும், ஃபியூஸ் ஹோல்டரையும், பவர் சுவிட்சின் கால்களையும் முதலிலேயே ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால், கறுப்பு முனையை கிரவுண்டில் கிளிப்பால் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இல்லாத வீடென்றால், ஆம்ப்ளிபயரை விட அதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பேன்.

பல்பு மங்கியதும், ஸ்பீக்கர் மாட்டாமல், ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அங்கே 33 வோல்ட் நின்றால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் நான்கு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, ஏறத்தாழ 135 வாட்ஸ் வெறும் சூடாக வாய்ஸ் காயிலில் இறங்கும். சில நொடிகளில் ஸ்பீக்கர் கருகிவிடும். இந்த ஓர் அளவை எடுக்காமல் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அடுத்து, எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள மில்லிவோல்ட்டை அளந்து, நல்ல பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு இணையாகப் பிரிசெட்டை மிக மெதுவாகத் திருப்பி வையுங்கள், 0.22 ஓம்ஸில் 5 முதல் 10 மில்லிவோல்ட் என்பது ஏறத்தாழ 23 முதல் 45 மில்லிஆம்பியர் வரை ஓடுவதைக் குறிக்கும். சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேர் மின்சாரத்தில் மறுபடியும் இதே இரண்டு அளவுகளையும் சரிபார்த்து, அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு, ஹீட்சிங்க் வெதுவெதுப்போடு நிற்கிறதா என்று பாருங்கள். முதல் பாட்டை உங்கள் நல்ல ஸ்பீக்கரில் கேட்காமல், போனால் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஸ்பீக்கரில் கேளுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிபயரை டி.வி.யோடு இணைத்ததிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்கிறது. பிளக்கின் மூன்றாவது பின்னுக்குப் போகும் எர்த் ஒயரை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். வெட்டிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். அவர் சொல்வதுபோல இரைச்சல் நின்றுவிடவும் கூடும். அதனால்தான் இந்த யோசனை இத்தனை காலமாக உயிரோடு இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்பார்மரின் காப்பு என்றைக்காவது தேய்ந்து பேஸ் கேபினெட்டைத் தொடும் நாளில், ஃபியூஸைப் போக்கி உங்களைக் காக்க வேண்டிய ஒயர் அதுதான். அது இல்லையென்றால் ஆம்ப்ளிபயரின் உலோகப் பெட்டி மட்டுமல்ல, ஆடியோ ஒயரின் வெளிச்சுற்று வழியாக டி.வி.யின் உலோகப் பகுதிகளும் 230 வோல்ட்டில் நிற்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலேயே பிரித்தறியலாம். டி.வி.யிலிருந்து வரும் ஆடியோ ஒயரைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் இரைச்சல் அப்படியே இருந்து, வால்யூமைக் குறைத்தாலும் மாறவில்லையென்றால், பவர் சப்ளையின் கண்டென்சர்கள் வறண்டுவிட்டன என்று கருதலாம். இந்தக் கண்டென்சர்கள் சூட்டில் வயதாகின்றவை. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. ஆம்ப்ளிபயரை மூடிய ஷெல்ஃபுக்குள் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கண்டென்சரின் தலை உப்பியிருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் இரைச்சல் டி.வி.யை இணைத்த பிறகே வந்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் அது கிரவுண்டு லூப். இரண்டு கருவிகளும் வெவ்வேறு இடங்களில் எர்த்தாகி, அவற்றுக்கிடையே உள்ள மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் ஆடியோ ஒயரின் ஷீல்டில் ஓடி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர் மூன்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். அடுத்து, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அந்தக் கணமே அடங்கிவிடும். வெளியே தெருவில் எர்த்தாகிவரும் அந்த ஒயர்தான் லூப்பின் மறு முனை. அப்படியானால் ஆடியோ ஒயரின் நடுவில் கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் என்று விற்கும் சிறிய பெட்டியைச் சேர்க்கலாம். உள்ளே இரு சிறு டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும், ஒலி போகும், ஷீல்டின் தொடர்பு அறுந்துவிடும்.

கேள்வி: வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்கிறது, சில சமயம் ஒரு பக்கம் ஒலி போய்விடுகிறது. போர்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டியதில்லை. வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் தூசியும், கடலோர ஊராதலால் ஈரமும் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோலின் கால்களுக்கு மேலுள்ள சிறு இடைவெளியில் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் தெளித்து, குமிழை இருபது முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, நன்றாக உலர விடுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம். தூசியை அவை இன்னும் அதிகமாகச் சேர்க்கும். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் போய் வந்தால், பின்னாலுள்ள இன்புட் ஒயர்களை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். பழுதும் பக்கம் மாறினால் ஒயரிலோ பாட்டு வரும் கருவியிலோ குறை. மாறாவிட்டால் ஆம்ப்ளிபயரிலோ ஸ்பீக்கர் ஒயரிலோ குறை. ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றும்போது மட்டும் ஆம்ப்ளிபயர் அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன், ஓடாத ஹோம் தியேட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறான். அதில் டிரான்ஸ்பார்மர் எதுவும் தெரியவில்லை, ஒரு சிறிய போர்டுதான் இருக்கிறது. அனுமதிக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்தப் பெட்டியை வேண்டாம். பெரிய டிரான்ஸ்பார்மர் தெரியவில்லை என்பதால் அது எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வகை. அதில் 230 வோல்ட் நேராக டயோடுகளுக்குப் போய், 325 வோல்ட் டி.சி.யாக ஒரு கண்டென்சரில் சேர்கிறது; போர்டின் அந்தப் பாதி முழுவதும் மெயின்ஸோடு இணைந்தே இருக்கிறது. சப்ளை பழுதானபோது அந்த மின்னேற்றம் இறங்க வழியில்லாமல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூட, மெயின்ஸோடு நேர்த் தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்துத் தொடும் இடம் அது.

ஆனால் பையனின் ஆசையைத் தடுத்துவிடாதீர்கள்; அந்த வயதில்தான் இது கைக்கு வரும். நம்மூர் அசெம்பிள் கடைகளில் பல காலம் ஓடிய எல்.ஏ. 4440 ஐ.சி. போட்ட சிறிய போர்டு ஒன்றையும், தரமான 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றையும், இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்களையும் வாங்கிக் கொடுங்கள். 230 வோல்ட் மூடிய அடாப்டருக்குள்ளேயே நின்றுவிடும். அவன் கை படும் இடமெல்லாம் 12 வோல்ட்தான். ஐ.சி.க்கு ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவற்றை அவனே மீட்டரை வைத்து அளந்து கண்டுபிடிக்க விடுங்கள்.