பாய்லர் அறையில் வந்த நோய்: மாமனாரின் இழப்பீட்டை எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்கர். அவருடைய அப்பா 1967 முதல் 1971 வரை அமெரிக்கக் கடற்படையின் டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல் ஒன்றில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். பிறகு ஓய்வு பெறும்வரை தபால்காரர். இப்போது 77 வயது. சென்ற மாதம் நுரையீரல் உறையில் மீசோதீலியோமா புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இழப்பீடு கேட்கச் சொன்னால், "நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவன், கடற்படை மேல் எப்படிப் பழி போடுவது?" என்கிறார். விண்ணப்பம் எழுதித் தர ஒரு நிறுவனம் 5,000 டாலர் கேட்கிறது. ஒரு வழக்கறிஞர், ஆஸ்பெஸ்டாஸ் விற்ற கம்பெனிகள் மீது வழக்குப் போடலாம் என்கிறார். அந்தப் பணம் வந்தால் அரசுப் பணம் நின்றுவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். எதை முதலில் செய்வது?

பதில்: மாமனார் சம்மதிப்பதற்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் (சுருக்கமாக வி.ஏ.) "விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று தெரிவிக்க 21-0966 என்ற படிவம் இருக்கிறது. தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். சொன்ன தேதி பதிவாகும். முழு விண்ணப்பத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால், பணம் பதிவான தேதியை வைத்தே கணக்கிடப்படும். நோய் தெரிந்த நாளையோ கப்பலில் இருந்த காலத்தையோ வைத்துக் கணக்கிட மாட்டார்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: பணம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் சேரத் தொடங்கும். மார்ச் 28 அன்று பதிவு செய்தால் ஏப்ரல் மாதப் பணம் உண்டு. ஏப்ரல் 2 அன்று செய்தால் ஏப்ரல் போய்விடும். மீசோதீலியோமா உறுதியாகி, அது பணியால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால் 100 சதவீத இழப்பீடு தருகிறார்கள். மனைவியுடன் இருப்பவருக்கு 2025 விகிதப்படி அது மாதம் 4,044.91 டாலர், வருமான வரி இல்லை. ஐந்து நாள் தயக்கத்துக்கு நாலாயிரம் டாலர் என்றால் எந்த வட்டிக்கடையும் தோற்றுவிடும்.

இருந்தாலும் அந்த ஒரு வருட அவகாசத்தை முழுவதும் பயன்படுத்தாதீர்கள். முழு விண்ணப்பம் அவர் இருக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். முடிவு வருமுன் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தை மனைவி தன் பெயரில் தொடர முடியும்; அதையும் ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நோய் என்பதால் 20-10207 என்ற படிவத்தையும் சேர்த்துக் கொடுத்து, முன்னுரிமை கேளுங்கள்.

சிகரெட் பற்றி மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். நுரையீரல் புற்றுநோயாக இருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமில்லை. ஆஸ்பெஸ்டாஸ்தான் பிரதான காரணம். அந்தக் காலக் கப்பல்களில் நீராவிக் குழாய்க்கு உறை, பாய்லருக்குப் போர்வை, வால்வுக்கு கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) எல்லாம் அதுதான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தவன் அடைத்த அறையில் அந்தத் தூசியைத்தான் சுவாசித்தான். நோய் வெளியே வரப் பல பத்து வருடங்கள், ஐம்பதுக்கு மேல்கூட ஆகலாம். அவர் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை எழுதினால் போதும்.

எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியின் பாதிப்புக்குச் சில நோய்களைச் சட்டமே பணியால் வந்தவை என்று எடுத்துக்கொள்கிறது. ஆஸ்பெஸ்டாஸுக்கு அந்தச் சலுகை இல்லை. நச்சுப் பொருள்களால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்காக 2022-ல் வந்த பேக்ட் சட்டமும் அதைத் தரவில்லை. ஆகவே மூன்று காகிதங்கள் வேண்டும்: நோயை உறுதிசெய்யும் பயாப்சி அறிக்கை, கப்பலில் என்ன வேலை என்பதற்கான ஆதாரம், இரண்டையும் இணைக்கும் டாக்டர் கடிதம். வேலைக்கு ஆதாரம் கிடைப்பது எளிது. பாய்லர் வேலையை ஆஸ்பெஸ்டாஸ் படும் வாய்ப்பு மிக அதிகமான வேலை என்று வி.ஏ.வின் சொந்தப் பட்டியலே சொல்கிறது. டி.டி-214 என்ற பணி விடுப்புச் சான்று தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அங்கே 1973-ல் நடந்த தீவிபத்தில் எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள், கடற்படையுடையவை அல்ல. டாக்டர் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இருக்கலாம்" என்ற சொல் பயன்படாது. கப்பல் வேலையால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்ற பொருளில், காரணத்தோடு ஒரு வாக்கியம் வேண்டும். சட்டம் கேட்கும் அளவு அதுதான். கடற்படையை விட்டபின் தபால் மூட்டை சுமந்தாரே தவிரக் கப்பல் பட்டறைக்குப் போகவில்லை என்பதையும் அவர் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அந்த 5,000 டாலர் நிறுவனத்தை இன்றே மறந்துவிடுங்கள். முதல் விண்ணப்பத்துக்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

வழக்கறிஞர் விஷயம் வேறு. 1950-ல் வந்த தீர்ப்பு ஒன்றின்படி பணியில் ஏற்பட்ட பாதிப்புக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் சரக்கு விற்ற கம்பெனிகள் மீது போடலாம். திவாலானவற்றில் பல, இழப்பீட்டு அறக்கட்டளைகளை விட்டுச் சென்றிருக்கின்றன. 1982-ல் திவாலான ஜான்ஸ்-மான்வில் அவற்றில் பெரியது. மாமியாரிடம் சொல்லுங்கள்: இந்தப் பணத்துக்காக வி.ஏ. இழப்பீடு ஒரு சென்ட்கூடக் குறையாது, அது வருமானம் பார்த்துத் தருவது அல்ல. வருமானம் பார்த்துத் தரும் வி.ஏ. பென்ஷன் வேறு திட்டம். அந்தக் குழப்பத்தால்தான் இந்தப் பயம். ஆனால் கையெழுத்திடுமுன் வழக்கறிஞரின் பங்கு எத்தனை சதவீதம், செலவுகளை யார் தலையில் கட்டுவார், சிகிச்சைக்குச் செலவழித்த மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தைத் திருப்பிக் கேட்டால் யார் பேசுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழக்குக்கும் காலக்கெடு உண்டு.

மாமியாரின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது. இந்த நோயால் மாமனார் இறந்தால் மாமியாருக்கு மாதம் 1,653.07 டாலர் (2025 விகிதம்) வரும், அதற்கும் வரி இல்லை. பணியால் வந்த நோய் என்று முன்பே முடிவாகியிருந்தால், அதை அவர் தனியாக மறுபடி நிரூபிக்க வேண்டிய நிலை வராது. இறப்புச் சான்றிதழில் வெறும் "சுவாசக் கோளாறு" என்று எழுதிவிடாமல் மீசோதீலியோமா என்ற பெயரே வர வேண்டும். டாக்டரிடம் அதை என் மாதிரி வெளியாட்கள் கேட்க முடியாது, நீங்களோ உங்கள் கணவரோதான் கேட்க வேண்டும். அவர்களுடைய கல்யாணச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மாமியாரிடம் இப்போதே விசாரித்து வையுங்கள்.