வாசகர் கேள்வி: பெருக்கியா, ஆன்டெனாவா?

கேள்வி: என் 4 வாட் சிபி ரேடியோவில் (பொதுமக்கள் குறுந்தூரம் பேசிக்கொள்ளும் ரேடியோ) 100 வாட் பெருக்கியை (அனுப்பும் சக்தியைக் கூட்டும் கருவி) இணைத்தால் 25 மடங்கு தூரம் எட்டுமா?

பதில்: எட்டாது. 25 மடங்கு சக்தி, சமிக்ஞை வலிமையை ஒப்பிடும் டெசிபெல் கணக்கில் வெறும் 14 டெசிபெல். எதிர்முனையில் கேட்பவரின் சமிக்ஞை மீட்டரில் முள் இரண்டு எஸ் அலகுக்குச் (அந்த மீட்டரின் படிகள்) சற்று மேல் நகரும். அவர் பேசுவதோ உங்களுக்குத் துளியும் கூடுதலாகக் கேட்காது. அமெரிக்காவில் சிபிக்குப் பெருக்கி சட்டவிரோதமும்கூட. (சொன்னால் சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது!)

ஆன்டெனாவைக் கவனியுங்கள். சிபி இயங்கும் 27 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி (ரேடியோ அலையின் நீளத்தில் கால் பங்கு) ஏறத்தாழ 2.7 மீட்டர், குட்டைக் கம்பி அதற்கு ஈடாகாது. உயரத்தில் பொருத்தி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் சக்தியைக் காட்டுவது; குறைவாக இருப்பதே நல்லது) முதல், கடைசிச் சேனல்களான 1, 40 ஆகியவற்றை அளந்து பாருங்கள். 1ஐவிட 40இல் அதிகம் காட்டினால் கம்பி தேவைக்கு மேல் நீளம். கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். 1இல் அதிகமென்றால் குட்டை; அரத்தைத் தொடவே வேண்டாம்.