கோல் போடாதவருக்கு எத்தனை மார்க்?

கால்பந்து கேள்வி – பதில்

கேள்வி: உரிய மதிப்புக் கிடைக்காத வீரர் யார் என்று எங்கள் நண்பர்களுக்குள் வாரா வாரம் சண்டை. பாதிப் பேர் பிரான்ஸ் மிட்ஃபீல்டர் கான்டே என்கிறார்கள். உங்கள் ஓட்டு யாருக்கு? – தூத்தூர் வாசகர்

கான்டேவுக்கு இல்லை. 2016-ல் லெஸ்டரோடும் 2017-ல் செல்சியோடும் அடுத்தடுத்து இங்கிலாந்து லீக் பட்டம் வென்றார். 2017-ல் சக வீரர்களே ஓட்டுப் போட்டு அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் உலகக் கோப்பை, 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆட்ட நாயகன். இத்தனை வாங்கியவரை உலகம் கவனிக்கவில்லை என்று வாதாட முடியாது. நமக்குப் பிடித்தவர் வேறு, குறைத்து மதிக்கப்பட்டவர் வேறு. யார் குறைத்து மதித்தார்கள், எந்த வருடம், எதை வைத்து என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும்.

மூன்றுக்கும் பதிலுள்ள ஆள் பிரான்ஸின் டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் க்ளோட் மக்கலேலே. 2000 முதல் 2003 வரை ஸ்பெயின் கிளப் ரியால் மாட்ரிட்டில் ஆடினார். அந்த மூன்று சீசனில் அணிக்கு இரண்டு லீக் பட்டம், ஒரு சாம்பியன்ஸ் லீக். ஜிடான், ஃபிகோ, ரவுல் எல்லாரும் முன்னால் போய்விடுவார்கள். ராபர்ட்டோ கார்லோஸும் இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஏறிவிடுவார். அப்படிக் காலியான இடத்துக்கு நகர்ந்து போய் அடைத்து நின்றவர் மக்கலேலே. 2003 கோடையில் பெக்காமை வாங்கிய கிளப், சம்பள உயர்வு கேட்ட இவரைச் செல்சிக்கு விற்றது. பாஸ் எல்லாம் பின்னாலும் பக்கத்திலும்தான் போகிறது, தலையால் ஆட வராது என்று குறை சொன்னவர் கிளப் தலைவர் ஃபுளோரென்டினோ பெரேஸ். அடுத்த சீசனில் ரியால் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காவது இடத்துக்கு இறங்கியது. அடுத்த லீக் பட்டம் 2007-ல்தான் வந்தது. செல்சியோ 2004-05-ல் 38 ஆட்டங்களில் 15 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்றது.

அதற்காக ரியாலின் சரிவு முழுவதையும் அவர் ஒருவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பயிற்சியாளர் டெல் போஸ்கேயும் கேப்டன் ஹியர்ரோவும் அதே கோடையில்தான் வெளியேறினார்கள். செல்சியின் 15 கோல் கணக்கில் கீப்பர் செக், ஜான் டெர்ரி, கர்வாலோ ஆகியோருக்கும் பங்கு உண்டு. இதையும் சேர்த்துச் சொன்ன பிறகும் வாதம் நிற்கிறது. அதனால்தான் என் ஓட்டு அவருக்கு.

கேள்வி: அதிக டேக்கிள் (எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எடுப்பவர்தானே நல்ல டிஃபெண்டர்? ஆனால் பட்டியலில் எப்போதும் சின்ன அணிக்காரர்களே முதலில் வருகிறார்களே? – வியாசர்பாடி வாசகி

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியிலேயே பதில் இருக்கிறது. பந்து எதிராளி காலில் இருக்கும்போதுதான் டேக்கிள் எடுக்க முடியும். ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தை விட்டுக்கொடுத்து ஆடும் அணியின் டிஃபெண்டருக்கு வாய்ப்பும் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வீரர் 90 நிமிடத்துக்கு 3.1 டேக்கிள் எடுக்கிறார். அவர் ஆடும்போது பந்து 62% நேரம் எதிரணியிடம். இரண்டாமவர் 2.1 எடுக்கிறார், எதிரணியிடம் பந்து 38% நேரம். இருவரையும் பாதிக்குப் பாதி என்ற நிலைக்குக் கொண்டுவர, டேக்கிளை 50-ஆல் பெருக்கி எதிரணியின் சதவீதத்தால் வகுங்கள். முதல்வருக்கு 2.5, இரண்டாமவருக்கு 2.76. வரிசை தலைகீழாகிவிட்டது. இது தோராயமான திருத்தம்தான். ஆனாலும் திருத்தாத எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எத்தனை முறை அவரை ஏமாற்றிவிட்டுத் தாண்டிப் போனார்கள்? ஐந்து டேக்கிள் எடுத்து ஐந்து முறை ஏமாந்தவரைவிட, இரண்டு எடுத்து ஒருமுறைகூட ஏமாறாதவர் அணிக்குப் பாதுகாப்பு. சரியான இடத்தில் நிற்கும் டிஃபெண்டரைப் பார்த்து ஸ்ட்ரைக்கர் அந்தப் பக்கமே வராமல் பந்தைத் திருப்பிக்கொண்டு போனால், அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. டி.வி. கேமராவும் பந்தின் பின்னால்தான் ஓடும். மைதானத்தில் நேரில் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் வேலை அது.

கான்டே 2015-16-ல் லீகில் 175 டேக்கிள் எடுத்தபோதும் இதே சந்தேகம் எழுந்தது. லெஸ்டர் பந்தை விட்டுக்கொடுத்து ஆடிய அணி. பந்தை அதிகம் வைத்து ஆடிய செல்சிக்குப் போய் அங்கும் பட்டம் வென்ற பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி: ரொட்ரி இல்லாவிட்டால் மான்செஸ்டர் சிற்றி தோற்கும் என்று உதைபந்தாட்ட இரசிகர்கள் சொல்வது உண்மையா, மிகைப்படுத்தலா? – மன்னார் வாசகர்

இரண்டும் கொஞ்சம் கலந்தது. 2023-24 லீக் சீசனில் சிட்டி மூன்று ஆட்டங்களில்தான் தோற்றது: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரொட்ரி தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் ஆடிய லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. இந்த அளவில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றுமே வெளியூர் மைதானத்தில் நடந்த ஆட்டங்கள் என்பதையும், அந்தச் சீசனை ஆர்சனல் இரண்டாவதாகவும் வில்லா நான்காவதாகவும் முடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கடினமான ஆட்டங்கள் அவை. மூன்று என்பது சின்ன எண்ணும்கூட.

பெரிய சான்று அடுத்த வருடம் வந்தது. 2024 செப்டம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து அவர் படுத்தபின், தொடர்ந்து நான்கு பட்டம் வென்றிருந்த சிட்டி மூன்றாவது இடத்தில் முடித்தது. ‘அவர் இருந்தால், இல்லாவிட்டால்’ என்று ஒப்பிட விரும்பினால் குறைந்தது 15 ஆட்டமாவது எடுங்கள். உள்ளூர், வெளியூர் ஆட்டங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள்.

கேள்வி: ஒரு சீசனில் 9 கோல் போட்ட ஸ்ட்ரைக்கர் ஃபிர்மினோ. அவரை உலகத் தரம் என்பது லிவர்பூல் ரசிகர்களின் பாசம் மட்டும்தானே? – மதுரை வாசகர்

9 கோல் குறைவுதான், அதில் பூசி மெழுக எதுவுமில்லை. பட்டம் வென்ற 2019-20 சீசனில் சொந்த மைதானத்தில் அவர் போட்டது ஒரே ஒரு லீக் கோல். கோல் கிட்டத்தில் கிடைத்த வாய்ப்பை வீணடித்தால் அது யாராக இருந்தாலும் குறைதான். அதைச் சரியாக எடைபோட ‘எதிர்பார்ப்புக் கோல்’ கணக்கு உதவும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது கோலாகும் வாய்ப்பை எண்ணாகத் தருவார்கள். பெனால்டி என்றால் கிட்டத்தட்ட 0.78. கூட்டுத்தொகை 12 வந்து, போட்டது 9 என்றால் மூன்றைக் கோட்டைவிட்டிருக்கிறார் என்று பொருள்.

இனி அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையைப் பாருங்கள். எதிரணி கீப்பர் தன் சென்டர்பேக்கிடம் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) பந்தை உருட்டுகிறார். ஃபிர்மினோ நேராகப் பாய மாட்டார். கொஞ்சம் வளைந்து ஓடுவார்; தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மிட்ஃபீல்டருக்குப் பாஸ் போகும் பாதையைத் தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு நெருங்குவார். சலாவும் மானேவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வந்து ஃபுல்பேக்குகளுக்கு (ஓரத்து டிஃபெண்டர்கள்) போகும் பாதையை அடைப்பார்கள். சென்டர்பேக்குக்கு மிச்சம் இரண்டே வழி: தூக்கி அடிப்பது, அல்லது லிவர்பூல் காத்திருக்கும் நடுப்பகுதிக்குள் பந்தைத் தள்ளுவது. ஃபிர்மினோ பந்தைத் தொடாமலேயே பந்து கைமாறிவிடும். பெயர் பறித்தவருக்குப் போகும்.

பந்து தன் அணியிடம் இருக்கும்போது கீழே இறங்கி வருவார். மார்க் செய்யும் சென்டர்பேக் பின்னாலேயே வந்தால் அங்கே ஓட்டை விழும். 2018-19-ல் சலா 22, மானே 22, ஃபிர்மினோ 12. அந்த 44 கோல்களில் பலவற்றுக்கு வழி திறந்தது இந்த ஓட்டைதான். பெனால்டி பெட்டிக்குள்ளேயே நின்று 20 கோல் போடும் ஸ்ட்ரைக்கரை அந்த இடத்தில் வைத்திருந்தால் சலா, மானே இருவருக்கும் ஓட இடம் இருந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கோல்கீப்பருக்குப் பாலோன் தோர் (உலகின் சிறந்த வீரர் விருது) கிடைக்கவே கிடைக்காதா? – சேலம் வாசகி

இதுவரை ஒரே ஒருவர்: சோவியத் கீப்பர் லெவ் யாஷின், 1963-ல். டிஃபெண்டர் என்றால் கடைசியாக 2006-ல் கன்னவாரோ. டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டரான ரொட்ரி 2024-ல் வென்றது அபூர்வம். ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் பத்துப் பெயரை வரிசைப்படுத்துகிறார். முதலிடத்துக்கு 15 புள்ளி, அடுத்து 12, 10 என இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1. நூறு பேர் மனத்திலும் ஒரே சமயத்தில் நிற்பது கோல்தான். கீப்பர்களுக்கு 2019 முதல் யாஷின் பெயரில் தனி விருது இருப்பதால், பெரிய விருதில் அவர்கள் பெயரை எழுதும் எண்ணமே குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் எட்டு அணிகள் ஆடும் தொடரில் ‘சிறந்த வீரர்’ பரிசு எப்போதும் இறுதிப் போட்டியில் கோல் போட்டவருக்கே போகிறது. நியாயமாகக் கொடுக்க என்ன வழி? – குன்னூர் வாசகர்

தொடர் முடிந்த பிறகு கூடிப் பேசி முடிவெடுப்பதுதான் முதல் தவறு. கடைசியாகப் பார்த்தது மட்டும்தான் அப்போது நினைவில் நிற்கும். இரு அணிகளையும் சேராத மூன்று பேரை நியமியுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பத்து நிமிடத்துக்குள், ஒருவரோடு ஒருவர் பேசாமல், பத்துக்கு மார்க் எழுதி உறையில் போட்டுவிட வேண்டும். மொத்த நிமிடங்களில் பாதிக்குக் குறைவாக ஆடியவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 20 நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டவரின் சராசரி எப்போதும் ஏமாற்றும்.

மார்க் போடுபவர் பந்தை விட்டுவிட்டு, ஒரே வீரரை 15 நிமிடம் விடாமல் பார்க்க வேண்டும். பழக்கமில்லாதவருக்கு முதல் ஐந்து நிமிடம் கண் தானாகவே பந்துக்கு ஓடும்; பிறகு சரியாகிவிடும். நோட்டில் நான்கு கோடு போதும். பாஸ் வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாரா? (நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல வருடம் ஆராய்ந்தது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.) சொந்தப் பாதியில் பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை? பறிபோன ஐந்து நொடிக்குள் திரும்ப ஓடினாரா, இடுப்பில் கை வைத்து நின்றாரா? பக்கத்து வீரர் மேலே ஏறியபோது அந்த இடத்தை அடைத்தாரா?

சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு வீடியோ இருக்கட்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்தில் போனை அசையாமல் கட்டிவையுங்கள். பக்கவாட்டிலிருந்து பந்தைத் துரத்திப் பிடித்த வீடியோவில் யார் எங்கே நின்றார்கள் என்பது தெரியாது.

கீப்பருக்குத் தனிப் பரிசு வையுங்கள். எத்தனை கோல் விட்டார் என்று மட்டும் எண்ணாமல், கோலுக்கு நேராக வந்த ஷாட்டுகளைப் பெட்டிக்கு உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். தட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போனதா, எதிராளி காலுக்கே போனதா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.