திண்ணைப் பதில்கள்: மொய் நோட்டும் பேர் வெட்டாத டம்ளரும்

அக்கா, எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பத்து வருஷமாகச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. மாசம் நாலு பத்திரிகையாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது: காதுகுத்து, வசந்த விழா, புதுமனை புகுவிழா. நேரில் போகாவிட்டாலும் கூகுள் பேயில் மொய்யை அனுப்பு என்று அப்பா போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். என் மனைவி வெளியூர். "இது பாசமா, கடனா?" என்று கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டால் ஊரை விட்டவன் ஆகிவிடுவேனா?
- பெயர் வேண்டாம், சென்னை

கடன்தான் தம்பி, அதில் என்ன சந்தேகம்? கடன் என்று சொன்னால் பாசம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

எங்கள் அப்பாவின் மொய் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்'. என் காதுகுத்துக்கு வந்த மொய்யெல்லாம் அதில்தான். ஊர்ப் பேர், ஆள் பேர், தொகை. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், சிலருக்கு நேராக 'அரிசி ஒரு படி, தேங்காய் 1'. திருப்பிச் செய்தவர்களுக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார். ஒரு பேருக்குப் பக்கத்தில் மட்டும் 'காலமாகிவிட்டார், மகனுக்குச் செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் பல வருஷம் கழித்து வேறு மையில் ஒரு கோடு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, செத்த மனுஷனுக்குக் கொடுக்க வேண்டியதை அவர் பையன் கல்யாணத்தில் தேடிப் போய்க் கொடுத்திருக்கிறார். வாக்கு என்றால் என்ன என்று அப்பா எனக்கு ஒரு நாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை, அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் இது ஏன் இத்தனை கெட்டியாக இருக்கிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ரேகைச் சட்டம் என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரைக்கும் ஆனது. சர்க்காரே திருடன் என்று பேர் எழுதி வைத்த ஒரு ஜனத்துக்கு எந்த பேங்க் கடன் கொடுத்திருக்கும்? தனக்குத் தானே ஜாமீன் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. 'நாலு பேருக்கு முன்னால் தலைகுனியக் கூடாது' என்று உங்கள் அப்பா சொல்லும்போது அவர் குரலில் அவருடைய தாத்தாவும் இருக்கிறார். வெளியூர்ப் பெண்ணுக்கு அது கேட்காது, அது அவர் தப்பில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, அதற்காக இன்றைக்கு நடப்பதையெல்லாம் நான் கும்பிட மாட்டேன். போட்ட மொய்யை எடுப்பதற்கென்றே விழா வைப்பது, அதற்குத் தெருவை மறித்து ஃபிளெக்ஸ், தொகையை மைக்கில் வாசிப்பது, லேப்டாப்பில் அடித்து ரசீது கொடுப்பது என்று எங்கேயோ போய்விட்டது. மைக் வந்த பிறகுதான் 501 போட நினைத்தவர் 2001 போட்டுவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறார். மொய் செய்வதற்காகக் கந்து வட்டிக்கு வாங்கிய ஒருவர் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவை உட்காரவைத்து அந்த நோட்டைப் புரட்டுங்கள், மனைவியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் செய்யுங்கள். புதுக் கணக்கு யாரோடு தொடங்குவது என்பதை மட்டும் நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். அப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். பழைய மொய்யைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு புரட்சி பேசினால்தான் ஊர் சிரிக்கும்.

மதுரைக்காரர்கள் என்றாலே கோபக்காரர்கள், அரிவாள் பார்ட்டி என்று ஹாஸ்டலில் கிண்டல் செய்கிறார்கள். அப்படியா நாம்?
- கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

சினிமாக்காரர்களுக்கு அரிவாள் சௌகரியமாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் முனியாண்டி விலாஸ் போட்டார்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கள். தினமும் கல்லாவில் முதல் வியாபாரக் காசை முனியாண்டிக்கு என்று எடுத்து வைத்து, வருஷா வருஷம் சொந்த ஊர்க் கோயிலுக்கு வந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிரியாணியைப் பிரசாதமாகப் போடுகிறார்கள். அடுத்த வருஷம் கிண்டல் செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்துங்கள். வாய் நிறைந்திருந்தால் பேச்சு வராது.

நாங்கள் சௌராஷ்டிரர். மாமியார் காலம் வரை வீட்டில் எங்கள் பாஷைதான். என் மகள் தமிழும் இங்கிலீஷும்தான் பேசுகிறாள். பாஷை போனால் பெரியவர்களை மதிப்பது, சிக்கனம், பக்தி எல்லாம் சேர்ந்து போய்விடும் என்று பயமாக இருக்கிறது.
- இல்லத்தரசி, மஹால் பகுதி, மதுரை

இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள் அம்மா. மரியாதையும் சிக்கனமும் எந்தப் பாஷையிலும் வரும். உங்கள் மாமியார் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவரா? ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, தரையில் உட்கார்ந்து, நகத்தால் துணியைக் கிள்ளிக் கிள்ளி. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பொறுமை என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் அதைப் பார்த்திருக்கிறாளா என்பதுதான் என் கேள்வி. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான், ஆனால் வீட்டுத் தரையில் முடிச்சுப் போட யாரும் உட்காரவில்லை என்றால் அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பாஷைக்கு வருகிறேன். உங்கள் வீட்டு டி.எம்.சௌந்தரராஜனுக்கும் தாய்மொழி சௌராஷ்டிரம்தான், அவர் உச்சரித்த தமிழைக் கேட்டுத்தான் நாங்கள் ழகரம் படித்தோம். ஆக ஒன்று இருந்தால் ஒன்று வராது என்பதெல்லாம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். எழுத்து 2008இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. இத்தனை இருந்தும் பாஷை எங்கே தேய்கிறது தெரியுமா, அடுப்படியில். பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்பார், பேத்தி தமிழில் பதில் சொல்வாள், நடுவில் நிற்கும் அம்மா எதற்கு வம்பு என்று தமிழுக்கு மாறிவிடுவார். நீங்கள் மாறாதீர்கள், அவ்வளவுதான். அவள் தமிழில் பதில் சொல்லட்டும், காது பழகினால் போதும். வைவதையாவது சௌராஷ்டிரத்தில் வையுங்கள், அது சீக்கிரம் மனப்பாடம் ஆகும்.

பசி என்று யார் வந்தாலும் சோறு போடுகிறவர் என் அப்பத்தா. பொய் பேசாதே, அடுத்தவர் பொருளைத் தொடாதே, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் சிலருக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் சோறு, தனி டம்ளரில்தான் தண்ணீர். காலேஜ் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவரை வெறுக்கவும் முடியவில்லை, பழைய மாதிரி மடியில் படுக்கவும் முடியவில்லை.
- எம்.ஏ. மாணவி, மேலூர்

இந்தக் கடிதத்தை நாலு நாள் மேஜையில் வைத்திருந்தேன் தாயி. எங்கள் வீட்டிலும் ஒரு டம்ளர் இருந்தது.

அந்தக் காலத்தில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் குண்டானிலிருந்து கரண்டி வரைக்கும் தாத்தா பேர் வெட்டியிருக்கும். பின்வாசல் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரில் மட்டும் பேர் இருக்காது. யாராவது வந்து கொல்லைப்புறம் நின்றால் எந்த டம்ளரை எடுக்க வேண்டும் என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாக்குத் தவறாமையை மொய் நோட்டில் படித்தேன் என்று மேலே பெருமையாக எழுதினேனே, இதையும் அதே வீட்டில் அதே மாதிரிதான் படித்திருக்கிறேன். ஒன்று மட்டும் எங்கள் பண்பாடு, மற்றது காலத்தின் கோளாறு என்று நான் தப்பித்துக்கொண்டால் அது பித்தலாட்டம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில்தான் கக்கன் பிறந்தார். 1939 ஜூலை 8 அன்று மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்தவர்களில் கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். ஐயரை அதிகம் எதிர்த்தது வெளியாட்கள் இல்லை, அவர் பிறந்து வளர்ந்த ஆசாரக் கூட்டமேதான். கோயிலையும் சாமியையும் அவருக்குக் கொடுத்ததும் அந்தக் கூட்டம்தான். அவர் கோயிலை வைத்துக்கொண்டார், கதவடைப்பை விட்டுவிட்டார்.

நான் அத்தனை பெரிய ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்குக் குழாய் ரிப்பேருக்கு வந்தவருக்குப் பேர் வெட்டின டம்ளரில் காபி கொடுத்தேன், அவர் போன பிறகு அம்மா அதை மட்டும் தனியாக எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், வாய் வரவில்லை. மறுவாரம் அவர் திரும்ப வந்தார். குடித்து வைத்ததும், அம்மா எடுப்பதற்கு முன்னால், கழுவாமல் அதே டம்ளரில் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்து குடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் சோறு போட்டார், வழக்கம் போல ஒரு கரண்டி கூடவே.

வெறுப்பதா, மடியில் படுப்பதா என்று நீங்கள் முடிவெடுக்கவே வேண்டாம், மடியில் தாராளமாகப் படுங்கள். டம்ளர் எந்த மாடத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் அதை எடுத்து அடுப்படியில் மற்ற டம்ளர்களோடு வையுங்கள். அப்பத்தா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.