வீட்டை அடமானம் வைத்து டாக்டர் படிப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு அடுத்த வருடம் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு. மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதோ என்று தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இடம் கிடைப்பது கடினம்தான். அதற்காக வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லும் அவள் மாமாவின் யோசனை எனக்குச் சம்மதமில்லை. அங்கே பட்டம் வாங்கி வந்தாலும், இங்கே தொழில் செய்ய மருத்துவ கவுன்சில் தேர்வு எழுத வேண்டியிருக்கும். கடன் தவணையை மாமா கட்டப்போவதில்லை.

படிக்காமல் படிகாரத்தைக் கரைத்துப் படிகம் வளர்க்கிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அவளுக்கு ஏற்றது திடநிலை வேதியியல். படிகம் போன்ற திடப்பொருள்களின் அமைப்பையும் குணத்தையும் ஆராயும் துறை அது.

சியோலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த படிகம் அது. உள்ளே ஒரே அளவில் நுண்துளைகள். சிறிய மூலக்கூறு உள்ளே போகும், பெரியது வெளியே நின்றுவிடும். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் அமர்ந்தால் அங்கே எதிர்மின்சுமை உண்டாகிறது. அதை ஈடுகட்டச் சோடியம் அயனி வந்து சேர்கிறது. அந்தச் சோடியத்தை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் அதே படிகம் வலுவான அமிலமாகி, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வினையூக்கியாக, அதாவது தான் தீராமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாக, வேலை செய்யும். மோசல் பே நகரில் இயற்கை எரிவாயுவிலிருந்து எரிபொருள் எடுத்த ஆலையிலும் சியோலைட் வினையூக்கி இருந்தது. மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கு வைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டியில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைப்பதும் இதுதான். மருத்துவத்துக்கு உதவ டாக்டராகத்தான் வேண்டுமென்பதில்லை, பாருங்கள்.

அப்புறம், நிறமற்ற அலுமினியம் ஆக்சைடில் சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். 1960இல் அமெரிக்க இயற்பியலாளர் மைமன் உருவாக்கிய முதல் லேசர் அப்படிப்பட்ட செயற்கை மாணிக்கத்தில்தான் இயங்கியது. வெள்ளை எல்இடி விளக்கில் இருப்பதும் சீரியம் கலந்த ஒரு படிகம்.

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியல் பிஎஸ்சி மூன்று வருடம், ஹானர்ஸ் ஒரு வருடம். வெறும் பிஎஸ்சியோடு நின்றால் வேலை தேடுவது சிரமம். நான்கு வருடம் என்றே கணக்குப் போடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டாவிட்டால் பிஎஸ்சிக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸில் உதவி கேட்கலாம். ஹானர்ஸுக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் (என்ஆர்எஃப்) உதவித்தொகை உண்டு. மேலே படிக்க விரும்பினால், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வினையூக்கி ஆய்வுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மதிப்பெண் ஏற வேண்டும் என்று கணிதத்தை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசிக்கு மாறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாறினால் இந்தப் படிப்புக்கே வழியில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சிஏஓ விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவளே நிரப்பட்டும், மாமா பக்கத்தில் இல்லாதபோது.